சோலைச்சாமிக்கு முதல் ஈடு

அழகுத்தாயின் கடையில் நான் எதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. இடியாப்பம் இறுகியிருந்தால் சொல்வேன். புட்டில் தேங்காய் முற்றலாக இருந்தால் சொல்வேன். ஒன்றும் அகப்படாவிட்டால் டம்ளர் நசுங்கியிருக்கிறது என்றாவது சொல்வேன். காசு கொடுத்துத் தின்கிறவனுக்கு வாய் எதற்கு இருக்கிறது? என் மனைவி வெங்கடலட்சுமி இதற்காக வீட்டில் என்னைத் தெலுங்கில் திட்டுவாள். நான் கடைக்கு வந்து அந்தக் கோபத்தைத் தமிழில் யார் மேலாவது இறக்கி வைப்பேன். திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மோட்டார் காயில் கட்டுகிற நவநீதகிருஷ்ணன் என்றால், தொழிலைவிட வாய்தான் ஊருக்கு முதலில் ஞாபகம் வரும்.

என் கடைக்கு எதிர்ச் சாரியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அழகுத்தாயின் கடை. அங்கே வாணலி கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது. எல்லாம் ஆவியில் வேகிறவை. இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, அவற்றோடு இந்த ஊர் அதுவரை பார்த்திராத இரண்டு: உள்ளே இனிப்பு வைத்த வெள்ளை பன்னு ஒன்று, கிண்ணத்தில் தயிர் மாதிரி ஆடுகிற ஆவி முட்டை ஒன்று. பன்னு வேக வைக்கிற, மூடி போட்ட மூங்கில் கூடையைப் பார்த்து, கோழிக் குஞ்சு ஏதும் அடைத்து வைத்திருக்கிறாயா என்று முதல் நாளே கேட்டேன். சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும் கூடுகிற இடம் அது. எனக்கு இரண்டும் உண்டு.

அழகுத்தாய் பயந்த பிறவி. பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேஸை மூடிவிட்டுப் பாதித் தெரு போனவள் திரும்பி வந்து சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பாள். கூலி வேலைக்கும், கருவேலங்கட்டையைக் கரியாக்குகிற கரிமூட்டத்துக்கும் போன குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரிக் குடும்பத்தில் சோலைச்சாமிக்கு வாக்கப்பட்டவள். சோலைச்சாமி தண்ணீர் லாரி ஓட்டினான். லாரி ஒரு தடவை பள்ளத்தில் இறங்கியதில் அவன் முதுகு போயிற்று. மகள் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதித்தாக வேண்டும். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகப் பயந்த அந்தப் பெண் விமானம் ஏறிச் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பயந்தவர்கள் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அங்கே அவளுக்கு வாய்த்தது ஒரு சீனக் குடும்பம். வெகு உயரத்தில் வீடு, ஜன்னல் பக்கம் போகவே நடுங்குவாளாம். சமையலறையிலும் நடுக்கம்தான். அவளுக்குத் தெரிந்த புளிக்குழம்பும் கருவாடும் அங்கே வேலைக்கு ஆகவில்லை. வீட்டுக்கார அம்மாள் ஒரு தட்டில் முழு மீனை வைத்து, இஞ்சியைக் கீறிப் போட்டு, அப்படியே ஆவியில் வைத்தாள். முட்டையைத் தண்ணீர் விட்டு அடித்து, கிண்ணத்தில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி வைத்தாள். மாவை உருட்டி உள்ளே பயறு வைத்து அதையும் ஆவியில் ஏற்றினாள். அழகுத்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே! எண்ணெய் தெறிக்காது, கருகாது, அடியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். பயந்தவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்த சமையல்.

பக்கத்து வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி ஒரு நாள் தட்டில் ஏதோ கொண்டுவந்து நீட்டினாளாம். பெயர் கேட்டால் புட்டோ என்கிறாள், பார்த்தால் நம் இட்லி, மேலே ஒரு துண்டு பாலாடைக்கட்டி. கீழ் மாடியில் இருந்த வியட்நாம்காரி பானை வாயில் துணியைக் கட்டி, அதன் மேல் அரிசி மாவை ஊற்றித் தோசை மாதிரி எடுத்துச் சுருட்டிக் கொடுத்தாளாம். இதையெல்லாம் அழகுத்தாய் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். “எல்லா ஊர்லயும் ஒடம்புக்கு முடியாதவகளுக்கு ஆவியில வச்சதத்தான் குடுக்காக அண்ணாச்சி” என்பாள். அவளுக்கு உலகம் புரிந்தது அந்த வகையில்தான்.

மகள் படிப்பு முடிந்ததும் அழகுத்தாய் திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொரோனா வந்த இரண்டாம் வருஷம் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. ஊருக்கே வாசனை தெரியாமல் போன காலம் அது. ஊருக்கே திரும்பியும் வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை. மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் அவளுக்கு ஒன்றுதான். நாக்கில் உப்பும் உறைப்பும் இனிப்பும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. மதுரையில் காட்டியதற்கு, வரும், பொறுத்திருங்கள் என்றார்கள். அவள் பொறுத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல்.

புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் அன்றைக்கே அடுப்பை அணைக்கச் சொல்லிவிடுவான் என்று பயம். ஊருக்குத் தெரிந்தால் மூக்கில்லாதவள் சமைப்பதை யார் வாங்கித் தின்பார்கள் என்று பயம். தெரியாமலே இருந்தாலோ, ஒரு நாள் கெட்டுப்போன எதையோ யாருக்கோ கொடுத்துவிடுவோம் என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் நடுவே கிடந்து வெந்துகொண்டிருந்தாள். உப்பைக் கரண்டியால் அளந்து போட்டாள். தேங்காயை உடைத்த மறு நிமிஷம் துருவினாள். மிஞ்சியதைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். அவ்வளவுக்கும் மேலே அவளுக்கு ஒரு காவல் இருந்தது. அது சோலைச்சாமி.

தினமும் காலையில் சட்டியிலிருந்து இறங்குகிற முதல் ஈடு சோலைச்சாமிக்குத்தான். எதிரே நின்று அவன் முகத்தையே பார்ப்பாள்.

“என்னங்க, எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தட்டு வைப்பாள். நான் என் கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்து, இந்த வயதில் இவ்வளவு குலாவலா என்று கேலிகூடப் பண்ணியிருக்கிறேன். அவள் புருஷனின் மூக்கைக் கடன் வாங்கிக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சித்திரையில் வீரசோழனிலிருந்து சுலைகா பீவி வந்தார். அங்கே ஜவுளிக் கடை வைத்திருக்கிற குடும்பம். மகனுக்கு மலேசியாவில் பெண் எடுத்திருந்தார்கள். நூருல் என்று பெயர். பெண் உண்டாகியிருந்தாள், வாயில் வைத்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு தடவை டிரிப்ஸ் ஏற்றியாயிற்று. என்னதான் வேண்டும் என்று கேட்டால் ‘பாவ்’ வேண்டும் என்று அழுதாளாம். அங்கே தெருவுக்குத் தெரு விற்கிற பண்டமாம். விசாரித்தால் அது நம் அழகுத்தாயின் பன்னு. வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் இரண்டு பன்னைத் தின்றுவிட்டு, வாந்தி எடுக்காமல் தூங்கினாள். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதுகு ஓரளவு தேறியிருந்த சோலைச்சாமி டிவிஎஸ்ஸில் கூடையைக் கட்டிக்கொண்டு வீரசோழன் போனான். புள்ளத்தாச்சிப் பெண் தன் கையால் வெந்ததை நம்பி இருக்கிறாள் என்றால் வேறு யாராவது பெருமைப்படுவார்கள். அழகுத்தாய்க்குத் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் சுலைகா பீவி வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாகவும், காலையிலேயே கூடுதலாகப் பன்னு வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். எப்போதும் விடிந்ததும் பூரணம் கிண்டுகிறவள், அந்த ஒரு தடவை முந்தின நாள் சாயங்காலமே தட்டைப்பயறை வேக வைத்துத் தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டி பிரிட்ஜில் வைத்தாள். அன்று ராத்திரி கரண்ட் போய் விடியும்போதுதான் வந்தது. அசதியில் தூங்கிப்போன அவளுக்கு அது தெரியாது. காலையில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது. கருப்பட்டி என்றால் பிசுபிசுக்கத்தானே செய்யும்? நாக்கில் வைத்தாள், இனித்தது. பன்னு பிடித்தாள், ஏற்றினாள், முதல் ஈட்டை இறக்கினாள், சோலைச்சாமி தின்றான்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

கூடையைக் கட்டிக் கொடுத்தாள். அவன் கிளம்பிப் போய்விட்டான்.

நான் அன்றைக்குக் கடை திறக்கக் கொஞ்சம் தாமதம். வந்தவுடன் ஒரு பன்னைக் கேட்டு வாங்கிப் பிட்டேன். எரிந்த காயிலை எடுத்தவுடன் மோந்து பார்த்து எத்தனை நாள் ஓட்டம் என்று சொல்கிற மூக்கு இது. குப்பென்று அடித்தது.

“ஏ அழகு, என்னத்த வச்சுருக்க இதுக்குள்ள? ஊசிப்போன வாடை அடிக்கி!”

அவள் சிரித்தாள். “ஆமா, நேத்து இடியாப்பத்துல சுண்ணாம்பு வாடை அடிச்சுச்சு, அதுக்கு மொத நா டம்ளர் நசுங்கிருந்துச்சு. தின்னுங்க அண்ணாச்சி.”

பாருங்கள் என் பிழைப்பை. கடை போட்ட நாளிலிருந்து நான் சொன்ன குறை எல்லாம் சேர்ந்து, சொல்ல வேண்டிய அன்றைக்கு என் வாயைச் செல்லாக்காசாக்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. பன்னை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“மோந்து பாருடி! உனக்கு என்ன மூக்கு இல்லையா?”

சிரிப்பு நின்றுவிட்டது. பன்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கொட்டகைக்குப் பின்னால் வரச் சொன்னாள்.

“அண்ணாச்சி, வெளையாடாதீக. நெசமாவே வாடை அடிக்கா? சத்தியமா?”

“ஏன், உனக்குத் தெரியலயா?”

“தெரியாது. எனக்கு மூக்கு இல்ல அண்ணாச்சி. காய்ச்ச வந்ததுல இருந்து இல்ல.”

முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. எனக்கும்தான். நாலு வருஷத்தையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தது மாதிரி நிமிர்ந்தாள்.

“ஆனா அவுக தின்னாகளே! காலையில இதே ஈட்டுலதான் தின்னாக. நல்லாருக்குன்னு சொல்லிட்டுத்தான போனாக!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சோலைச்சாமியா? சோலைச்சாமியையா காவல் வைத்தாள்! அவன் அப்பா நிலம் வைத்திருந்த சம்சாரி வீட்டுக் களத்தில் நின்று, ஏந்திய சட்டியில் விழுந்ததைத் தின்று வளர்ந்தவர். சோறு ஆக்கிய கையைக் குறை சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம். சின்ன வயதில் கஞ்சியில் உப்பில்லை என்று சொன்னதற்கு அகப்பையால் வாயில் அடி வாங்கியதாக அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் ரசம் என்று கழனித் தண்ணீரை ஊற்றினார்கள். நான் பந்தியிலேயே சண்டை போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலைச்சாமி இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, பரிமாறினவனைப் பார்த்து நல்லாருக்கு என்றான்.

“தாயி, நீ வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து யோசிச்சுச் சொல்லு. அவன் என்னைக்காவது எதையாவது நல்லால்லன்னு சொல்லிருக்கானா?”

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. அப்புறம் “நூருலு” என்றாள்.

சோலைச்சாமிக்குப் போன் போட்டோம். அது கடைக்குள்ளேயே சார்ஜில் கிடந்து அடித்தது. அதிலேயே சுலைகா பீவியின் எண்ணைத் தேடிப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. விருந்தாளிகள் வந்த வீட்டில் போனை யார் கவனிப்பார்கள்? நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பன்னை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிக் கடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் விட்டுவிட்டு அழகுத்தாய் ஏறிக்கொண்டாள். கேஸை மூடினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நரிக்குடிச் சாலையில் இரண்டு பக்கமும் கருவேல மரம்தான். வெயில் ஏறிவிட்டது. எங்கேயோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள், புகை ரோட்டைக் கடந்து போனது. எனக்குக் கண் எரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் புகைக்குள் நுழைந்தபோதும் முகத்தைத் திருப்பவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

“தின்னுருப்பாளா அண்ணாச்சி?”

“இன்னும் அவன் போயே சேந்திருக்க மாட்டான்.”

“போயிருப்பாக. மெதுவா ஓட்டுனாலும் போயிருப்பாக. தின்னுருப்பாளா?”

“ஒரு பன்னுல என்ன ஆயிரும்? ரெண்டு தடவ வெளிய போவா, சரியாயிரும்.”

“ஏற்கெனவே ஒடம்புல தண்ணி நிக்காத புள்ள அண்ணாச்சி. டிரிப்ஸு ஏத்துன புள்ள.”

என் வாய்க்கு வேலை இல்லாத இடம் அது. வண்டியை முறுக்கினேன். எதிரே வந்த மினி பஸ்காரன் திட்டிக்கொண்டு போனான். பதிலுக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தபடியே வந்தாள். சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், தின்றிருக்கக் கூடாது, தின்றிருக்கக் கூடாது என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீரசோழனில் அந்த வீட்டு வாசலில் டிவிஎஸ் நின்றது. பின்னால் கூடை இல்லை. சோலைச்சாமி முன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவள் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். விருந்துக்கு வந்திருந்த பெண்கள் இன்னும் மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் கீழே அடுக்கியபடி இருந்தன, கூடையின் துணி மட்டும் விலகியிருந்தது. எல்லாருக்கும் முந்தி நூருலுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் மடியில் தட்டு, கையில் பன்னு.

அழகுத்தாய் பன்னைப் பிடுங்கினாள். அந்தப் பெண் பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

“தின்னுட்டியா? தின்னியாம்மா? சொல்லு!”

“தோல மட்டும்தான் அக்கா.”

மலேசியாவில் பாவின் மேல் தோலை மெல்லிசாக உரித்து முதலில் தின்பார்களாம். குழந்தையிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். பன்னை நான் வாங்கிப் பார்த்தேன். மேலே வெங்காயத் தோல் கனத்துக்குத்தான் போயிருந்தது. பூரணம் மூடியே இருந்தது.

சத்தம் கேட்டு சுலைகா பீவி வந்தார். “என்ன இது, புள்ள வாயில போறதப் புடுங்குறீக?”

“கெட்டுப்போச்சும்மா. பூரணம் கெட்டுப்போச்சு.”

“கெட்டுப்போனத அனுப்பி வச்சீகளா?”

நூருல் மெல்லிய குரலில் பேசினாள். “மாமி, எனக்கு வாடை வந்துச்சு. இப்ப எனக்கு எல்லாமே வாடையா இருக்குதே, அதனாலதான்னு நெனச்சேன். நீங்க இவ்வளவு செரமப்பட்டு வாங்கி வச்சீங்க. எப்படியாவது தின்னுரணும்னுதான் தோல மெதுவா உரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. நல்லவர்களாக இருக்கிறோம் என்று ஆளாளுக்கு ஊசிப்போனதை விழுங்கத் தயாராக நிற்கிறார்கள்.

“அனுப்புறதுக்கு முந்தி மோந்து பாக்க மாட்டீகளா?” என்றார் சுலைகா பீவி.

மாடியிலிருந்து பெண்கள் இறங்கி வந்து நின்றார்கள். அழகுத்தாய் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் நானே ஆமாம் போட்டிருப்பேன். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“எனக்கு வாடை தெரியாதும்மா. கொரோனாவுல போனது வரல. யார்கிட்டயும் சொல்லாமத்தான் கட நடத்துறேன். அவுக தின்னு பாத்துச் சொன்னாத்தான் குடுப்பேன். இன்னைக்கும் அவுக தின்னாக.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சோலைச்சாமி அறைக் கதவருகே டீ டம்ளரோடு நின்றிருந்தான். அவனுக்கும் இது அப்போதுதான் தெரியும். நாலு வருஷத்துச் செய்தி அவன் முகத்தில் ஏற நேரம் பிடித்தது.

“நீங்க தின்னீகளா?” என்று கேட்டார் சுலைகா பீவி. “எப்படி இருந்துச்சு?”

அவன் டம்ளரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. அகப்பை இன்னும் அவன் வாய்க்கு நேரே நிற்கிறது என்று எனக்குப் பட்டது.

“ஊசித்தான் போயிருந்துச்சு” என்றான்.

அழகுத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. “காலையில கேட்டேனே, எப்படி இருக்குன்னு கேட்டேனே!”

“நீ எப்பக் கேட்டாலும் நான் அதத்தான சொல்லுவேன். நீ சும்மா கேக்கேன்னுல்ல நெனச்சேன். இத வச்சுத்தான் அடுத்தவகளுக்குக் குடுக்கேன்னு எனக்கு என்ன தெரியும்?”

அப்போதுதான் நூருல் வாயைத் திறந்தாள், பசிக்கிறது என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் பல வாரமாகக் கேட்டதில்லை போலிருக்கிறது, சுலைகா பீவி அப்படியே திரும்பிப் பார்த்தார்.

“முட்டை இருக்காம்மா?” என்று அழகுத்தாய் கேட்டாள். “நீங்க ஒடச்சு மோந்து பாத்துக் குடுங்க. நான் ஆவியில வச்சுத் தாரேன்.”

சுலைகா பீவிக்கு மனமில்லை. ஆனாலும் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அடுப்படியில் அவரே முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து ஊற்றினார். அழகுத்தாய் உடைத்த முட்டை ஓட்டாலேயே தண்ணீரை அளந்து விட்டு அடித்து, நுரையை ஒதுக்கி, இட்லிச் சட்டியில் வைத்து மூடியைத் துணியால் கட்டினாள். தீயைக் குறைத்தாள், மறுபடியும் குறைத்தாள். இறக்கியபோது முட்டை குழியில்லாமல், குமிழியில்லாமல் வந்திருந்தது. நூருல் ஒரு கரண்டி எடுத்தாள். நாங்கள் எல்லாரும் அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது கரண்டி எடுத்தாள். கிண்ணம் காலியானது.

கிளம்பும்போது சுலைகா பீவி வாசல் வரைக்கும் வந்தார். “இனிமே பன்னு அனுப்ப வேணாம் அழகுத்தாயி” என்றார். “ஓடி வந்தீக, உண்மையச் சொன்னீக, அல்லா ஒங்கள நல்லா வச்சுக்கிடட்டும். ஆனா புள்ளத்தாச்சிக்கு வாங்கிக் குடுக்க இனிமே எனக்கு மனசு ஒப்பாது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அழகுத்தாயும் தலையை ஆட்டினாள். மாடியிலிருந்து இறங்கிய பெண்கள் வழியாக இந்தச் செய்தி மல்லாங்கிணறு, காரியாபட்டி வரைக்கும் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

திரும்பும்போது அவள் சோலைச்சாமியின் வண்டியில் ஏறினாள். பன்னுகளைக் கொட்டிவிட்ட காலிக் கூடையை என் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டேன். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. அவன் டிவிஎஸ் ஓட்டுகிற வேகத்துக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்.

“இந்த நாலு வருசத்துல இது மாதிரி எத்தன தடவ?”

“எது?”

“கெட்டுப்போனதத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னது.”

“இன்னைக்கு மட்டுந்தான்.”

“நெசமா?”

“நெசமா.”

அவளுக்கு அது போதவில்லை. எப்படிப் போதும்? எதைக் கேட்டாலும் நல்லாருக்கு என்கிற வாயிலிருந்து வந்த வார்த்தை. நாலு வருஷமாக அந்தக் கொட்டகையில் தின்றவர்களை எல்லாம் அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருப்பாள். யாருக்கு எப்போது வயிறு சரியில்லாமல் போயிற்று, யார் திடீரென்று வராமல் நின்றார்கள் என்று.

“நான் நம்பல” என்றாள். “ஒங்களுக்குக் குறை சொல்லவே வராது. வருமான்னு பாப்போம். எஞ்சமையல்ல ஒரு குறை சொல்லுங்க.”

“இப்ப எதுக்கு?”

“சொல்லுங்க.”

வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. சோலைச்சாமி தொண்டையைச் செருமினான்.

“கல்யாணமாகி மொத வாரம் கருவாட்டுக் கொழம்பு வச்ச. ஒரே மண்ணு. கழுவாமப் போட்டுட்ட.”

“அப்புறம்?”

“மறு வருசப் பொங்கலு அடிப்பிடிச்சிருச்சு. நீ மேலாப்புல அள்ளி வச்ச, இருந்தாலும் வாடை இருந்துச்சு.”

“அப்புறம்?”

அதற்குப் பிறகு அவனை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்மாய் மடை உடைந்த மாதிரி வந்தது. சுண்டவத்தலைக் கரிக்கட்டையாக வறுக்கிறாளாம். கீரையை எப்போதும் ஒரு கொதி கூடவே விடுகிறாளாம். மகள் பெரியவளானபோது வைத்த உளுத்தங்களியில் கட்டி இருந்ததாம், எந்தப் பக்கம் கட்டி என்றுகூடச் சொன்னான். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஊரில் பெரிய குறைகாரன் என்று நான் இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். நான் டம்ளர் நசுங்கியதைச் சொல்கிறவன். அவன் கல்யாண நாளிலிருந்து ஒரு பருக்கையைக்கூட விடாமல் வைத்திருந்தான்.

“போதும்!” என்று அவள் கத்தினாள். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றான் சோலைச்சாமி. அவன் குரல் இறங்கியிருந்தது. “சிங்கப்பூர்ல இருந்து வந்த அன்னைக்கு ரசம் வச்சியே. அதுல பூண்டும் இல்ல, உறைப்பும் இல்ல. சீனாக்காரவுக கொழம்பு மாதிரி இருந்துச்சு. நம்ம ருசி இவளுக்கு மறந்துபோச்சு, மறுபடி அங்கயே போயிருவான்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.”

அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, வேகாத வெயிலில் ரோட்டின் ஓரத்தில் நின்றாள். அவனும் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு எதிரே வந்து நின்றான். இன்னொரு முறை அடி வாங்கப்போகிற பையன் மாதிரி இருந்தது அவன் நிலை. நானும் வண்டியை நிறுத்தினேன். போயிருக்க வேண்டும், போகவில்லை.

“அப்ப இத்தன வருசமா நீங்க ருசி பாத்துத்தான் தின்னுருக்கீக” என்றாள் அழகுத்தாய்.

“பின்ன?”

“நான் எதப் போட்டாலும் ஒங்களுக்கு ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“கெட்டுப்போனது?”

“இன்னைக்கு மட்டுந்தான்.”

இந்தத் தடவை அவள் நம்பினாள். நாளைக்குக் கடைக்கு யார் வருவார்கள், வரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயம் அவள் முகத்தில் அப்படியேதான் இருந்தது. அதே முகத்தோடு ஏறி உட்கார்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.